வெண்பள்ளிவாசல் என்றொரு கிறிஸ்தவ ஊர்

கீவா என்னும் நகரின் பெயரைக் கேட்டதும் கற்றோர் நினைவுக்கு வருவது குவாரிஸ்ம் நாடு. இயற்கணிதத்துக்கு அடிகோலிய அல்-குவாரிஸ்மியின் பெயரிலே என்றும் நிலைத்துவிட்ட நாடு அது; அல்-பீரூனியை ஈன்ற மண்ணும் அதுவே. அரபுப் புவியியலார் ஜைஹூன் என்றழைத்த ஆமூ தரியா நதியின் கீழ்ப்பகுதியில், இரு பெரும் பாலைகளுக்கிடையே, இன்றைய உஸ்பெகிஸ்தானில் அந்நகர் அமைந்துள்ளது. அதன் அருகே 1884ஆம் ஆண்டு முதல் 1935ஆம் ஆண்டு வரை ஓர் ஊர் இருந்தது. ஆக் மெச்சித் என்பது அதன் பெயர். வெண்பள்ளிவாசல் என்பது அதன் பொருள். ஆனால் அவ்வூரை அமைத்து வாழ்ந்தவர்களோ ஜெர்மன் மொழி பேசிய கிறிஸ்தவர்கள். அவர்களும் சாதாரணக் கிறிஸ்தவர்கள் அல்லர். எவருக்கெதிராகவும் வாளேந்துவதில்லை என உறுதி பூண்ட மென்னோனைட்டுகள். ஐரோப்பாவின் உழவர் குடிகள் சில, முஸ்லிம் மன்னர் ஒருவரின் நிழலைத் தேடி இத்துணைத் தொலைவு வந்தது எவ்வாறு? அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

கி.பி. 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு சமயக் குழு தோன்றிற்று. பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வது பொருளற்றது, அறிவு வந்தவன் தானே விரும்பி ஏற்பதே சமயம் என்றது அக்குழு. சத்தியப் பிரமாணம் செய்வதையும் படையில் சேர்வதையும் அது மறுத்தது. 1536இல் கத்தோலிக்கக் குருப்பணியைத் துறந்து இவர்களோடு சேர்ந்த டச்சு நாட்டவரான மென்னோ சைமன்ஸின் பெயராலேயே இவர்கள் பின்னாளில் அழைக்கப்பட்டனர். கத்தோலிக்கரும் சீர்திருத்தக் கிறிஸ்தவரும் ஒருங்கே இவர்களை வேட்டையாடினர். நெருப்பிலும் நீரிலும் மாண்டவர் பலர். எஞ்சியோரில் ஒரு பகுதியினர் போலந்தின் விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துக்குச் சென்று, சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, விளைநிலமாக்கினர். அப்பகுதி பிரஷ்ய அரசின் கைக்குப் போனதும் படைக்கு ஆள் தராத இக்குடியினர் நிலம் வாங்குவதற்குத் தடைகள் எழுந்தன. அவ்வேளையில் ரஷ்யப் பேரரசி காத்தரீன் தென் ரஷ்யப் புல்வெளிகளில் குடியேற வருமாறு அழைத்தார். 1789இல் தினிப்பர் நதிக்கரையிலும், 1804இல் மொலோச்னா ஆற்றோரத்திலும் இவர்களின் ஊர்கள் எழுந்தன. போர்ச் சேவையிலிருந்து விலக்களிக்கும் சாசனத்தை 1800ஆம் ஆண்டில் ஜார் முதலாம் பால் வழங்கினார். பிற்பாடு வோல்கா நதிப் பகுதியிலும் ஒரு குடியிருப்பு உருவாயிற்று.

அரசர்களின் வாக்குறுதி எத்தனை தலைமுறைக்குச் செல்லும்? 1874 ஜனவரியில் ரஷ்யாவில் அனைவருக்கும் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்தது. சுமார் 18,000 மென்னோனைட்டுகள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினர். போர்க்களத்துக்குப் பதிலாகக் காடு வளர்க்கும் பணியைச் செய்யலாம் என்று அரசு இணங்கியதும் பெரும்பாலோர் அதை ஏற்று ரஷ்யாவிலேயே தங்கினர். சிலருக்கு மட்டும் அது ஒப்பவில்லை. வடிவம் மாறினாலும் அது படைச்சேவையின் இன்னொரு பெயரே என்று அவர்கள் கருதினர். வோல்கா பகுதியைச் சேர்ந்த கிளாஸ் எப் என்பவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். உலக முடிவு நெருங்கிவிட்டது, விசுவாசிகளுக்கு அடைக்கலம் கிழக்கிலே ஆயத்தமாகியிருக்கிறது என்று அவர் போதித்தார். ஆகவே, மேற்கே அமெரிக்காவுக்குச் சென்றோருக்கு எதிராக, ஒரு சிறு கூட்டம் கிழக்கே துருக்கிஸ்தானை நோக்கித் திரும்பியது.

இங்கே வரலாற்றின் முரண் ஒன்றை நாம் கருத வேண்டும். இவர்களைத் துருக்கிஸ்தானில் குடியேற அனுமதித்தவர் ரஷ்யக் கவர்னர் ஜெனரல் வான் காஃப்மன். இவரே 1873இல் கீவாவின் மீது படையெடுத்து, அந்நாட்டைப் பேரரசின் காவலின் கீழ் கொண்டுவந்தவர். அப்படையெடுப்பின் தொடர்ச்சியாக யோமூத் துர்க்மேன் குலத்தவரின் குடியிருப்புகள் தீக்கிரையாயின. ஆடவரோடு பெண்டிரும் குழந்தைகளும் வெட்டுண்டனர். வாளைத் தொடாத மக்கள், வாள் திறந்துவிட்ட பாதையிலேயே வண்டியோட்ட நேர்ந்தது. அதன் விளைவைப் பின்னர் காண்போம்.

முதல் வண்டித்தொடர் 1880ஆம் ஆண்டின் கோடையில் புறப்பட்டது; பத்துக் குடும்பங்கள். புல்வெளியும் பாலையும் கடந்து தாஷ்கந்தை அடைய மூன்று மாதங்களுக்கு மேலாயிற்று. குழந்தைகள் பலரை வழியிலேயே புதைத்துவிட்டு நடந்தனர். வேறு வண்டிகளும் பின்தொடர்ந்தன. எப் தாமே 1881இல் ஒரு தொடருக்குத் தலைமை ஏற்றார். அதற்குள் நிலைமை மாறிவிட்டது. 1881 மார்ச்சில் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். துருக்கிஸ்தானிலும் படைச்சேவை விலக்கு நிலையாக இராது என்ற அச்சம் பரவியது. ஒரு பிரிவினர் தலாஸ் பள்ளத்தாக்கில் நிலம் பெற்று உழவூர்கள் அமைத்துத் தங்கிவிட்டனர். மற்றோர் ரஷ்ய எல்லையைத் தாண்டி புகாரா அமீரின் நாட்டுக்குள் நுழைந்தனர். அமீரின் அதிகாரிகள் இசையவில்லை. கட்டிய குடில்களை இடித்து, வந்த வழியே திருப்பியனுப்பினர். முஸ்லிம் ஆட்சியாளர் அனைவரும் அவர்களை வரவேற்றனர் என்று எழுதினால் அது உண்மையாகாது.

கையில் நிலமில்லை, முன்னே செல்ல வழியில்லை, குளிர்காலமோ நெருங்கிவிட்டது. அப்போதுதான் சமர்கந்துக்கும் புகாராவுக்கும் இடையே, எல்லையோரத்தில் இருந்த செராபுலாக் என்னும் சிற்றூர் அவர்களுக்கு இடமளித்தது. 1881-82 குளிர்காலத்தை அங்கே கழித்தனர். கூடி வழிபட இடமில்லாத அவர்களுக்கு அவ்வூர் முஸ்லிம்கள் தங்கள் பள்ளிவாசலையே திறந்துவிட்டனர். ஜெர்மன் மொழித் துதிப்பாடல்கள் அப்பள்ளியின் கூரையின் கீழ் ஒலித்தன. அதே இடத்தில் திருமணமும் நடந்தது.

இச்செயல் நமக்குப் புதியதன்று. நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனா வந்தபோது, அவர்களின் வழிபாட்டு வேளையில் மஸ்ஜிதுந் நபவியிலேயே அவர்கள் வணங்கிக்கொள்ளப் பெருமானார் (ஸல்) அவர்கள் இடமளித்தார்கள் என்பது சீறா நூல்கள் கூறும் செய்தி. செராபுலாக் கிராமத்தார் அச்செய்தியை மனத்திற்கொண்டுதான் கதவைத் திறந்தனரா, அன்றிப் பனியில் நடுங்கிய குழந்தைகளைக் கண்டு இரங்கித் திறந்தனரா என்று பிரித்தறிய வேண்டிய தேவையில்லை. நற்செயலுக்கு இரண்டில் எதுவாயினும் போதிய காரணமே.

1882இல் கீவாவின் கான் அவர்களுக்குத் தம் நாட்டில் இடமளிக்க முன்வந்தார். இரண்டாம் முஹம்மத் ரஹீம் கான் 1864 முதல் 1910 வரை ஆண்டவர். ஃபெரூஸ் என்னும் புனைபெயரில் கவிதை இயற்றியவர். கல்லச்சுக் கூடத்தைக் கீவாவில் நிறுவியவர். வண்டிகளைப் பிரித்து ஒட்டகங்களில் ஏற்றி, கிஸில்கும் பாலையைக் கடந்து, ஆமூ தரியாவில் படகேறி, லவ்சான் என்னும் இடத்தில் அவர்கள் இறங்கினர். ஆற்றோர நிலத்தில் வீடுகளும் எழுந்தன. ஆனால் அருகே இருந்தவர்கள் யோமூத் குலத்தார். இரவுதோறும் குதிரைகளும் மாடுகளும் பறிபோயின, வீடுகள் சூறையாடப்பட்டன, ஒருவர் உயிரிழந்தார். கொள்ளை கொள்ளையே, அதை நாம் நியாயப்படுத்தவில்லை. எனினும் பத்தாண்டுகளுக்குமுன் பேரரசின் படையால் வீடும் உறவும் இழந்த ஒரு குலத்தின் கண்களுக்கு, அப்பேரரசிலிருந்து வண்டி கட்டி வந்த வெண்ணிற மனிதர் எவ்வாறு தோன்றியிருப்பர்? ஆயுதம் ஏந்தாதவர் என்று அவர்கள் நெற்றியில் எழுதியிருக்கவில்லை. பலர் மனமொடிந்து 1884இல் அமெரிக்காவுக்குச் சென்றனர்.

எஞ்சிய சுமார் 40 குடும்பங்களைக் கான் தம் தலைநகருக்கு அண்மையில், சுவர் சூழ்ந்த தோட்டமொன்றில் குடியமர்த்தினார். அதுவே ஆக் மெச்சித். சுவரையொட்டி வரிசையாக வீடுகள், நடுவே கோயிலும் பள்ளிக்கூடமும், பழமரங்கள், பூச்செடிகள். பரந்த கோதுமை வயல்களுக்கு அங்கே இடமில்லை. ஆகவே பரம்பரை உழவர்கள் தச்சர்களாயினர். காய்கறி பயிரிட்டனர், பசு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்தனர், பெண்டிர் தையலும் பின்னலும் செய்தனர். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் அப்பகுதியில் பரப்பிய பெருமையை மக்கள் இவர்களுக்கே அளிக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவாவில் எழுந்த நூருல்லாபாய் அரண்மனையின் மரத்தளங்கள் இவர்களின் கைவண்ணம் என்பர்.

இவர்களில் வில்ஹெல்ம் பென்னர் என்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு நிழற்படக் கருவி இருந்தது. குதாய்பெர்கன் தேவானோவ் என்னும் கீவா நகரத்து இளைஞர் அவரிடம் அக்கலையைப் பயின்றார். உஸ்பெக் மக்களின் முதல் நிழற்படக் கலைஞராகவும், முதல் திரைப்படப் பதிவாளராகவும் இன்று போற்றப்படுபவர் அவரே. கானின் அவையையும், மினாராக்களையும், கடைத்தெரு மாந்தரையும் நாம் இன்று காண முடிகிறதென்றால் அது அம்மாணவரின் பணி. பெற்ற அடைக்கலத்துக்கு விருந்தினர் செலுத்திய கைம்மாறுகளில் இதுவே சிறந்தது எனலாம்.

உலகம் முடியும் என்று எப் குறித்த நாள் 1889 மார்ச் 8. அந்நாள் வந்தது, சென்றது. பிறகு 1891 என்றார், அதுவும் கடந்தது. அவர் தம்மைப் பற்றியே வரம்பு மீறிய உரிமைகளைப் பேசலானதும் ஊரார் பெரும்பாலோர் விலகிக்கொண்டனர். 1913இல் அவர் காலமானார். அவருடைய முன்னறிவிப்பு பொய்த்தபின்னும் ஊர் பொய்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உலக முடிவுக்குக் காத்திருக்க வந்தவர்கள், நாள்தோறும் மரம் இழைத்தும் மாடு கறந்தும் அண்டை அயலாரோடு வாழப் பழகிக்கொண்டனர்.

முடிவு வேறு திசையிலிருந்து வந்தது. 1920இல் கானின் ஆட்சி வீழ்ந்தது; சோவியத் ஆட்சி வேரூன்றியது. 1932இல் அவ்வூருக்குச் சென்ற சுவிஸ் பயணி எல்லா மையார் அம்மக்களின் வாழ்வை எழுதியிருக்கிறார். கூட்டுப்பண்ணையில் இணைய அவர்கள் மறுத்தனர். 1935இல் ஊர் முழுவதும் பெயர்க்கப்பட்டு, தாஜிகிஸ்தானின் வக்ஷ் பள்ளத்தாக்குக்கு நாடுகடத்தப்பட்டது. கவிஞர் கானும் முரட்டு யோமூத்தும் இருந்த நாட்டில் ஐம்பதாண்டு நிலைத்த சமூகத்தை, மனிதகுல விடுதலையை முழங்கிய அரசு வேரோடு பிடுங்கிற்று. அது கிறிஸ்தவரை மட்டும் வருத்தவில்லை. அதே ஆண்டுகளில் மத்திய ஆசியாவின் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் மூடப்பட்டன, ஆலிம்கள் சிறைப்பட்டனர். பென்னரின் மாணவர் தேவானோவும் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசிரியரின் ஊரையும் மாணவரின் உயிரையும் ஒரே கை பறித்தது.

இவ்வரலாற்றைப் பிற சமயத்தாரிடம் பெருமை பேசுவதற்கான சான்றாக மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாகாது. இதில் திருப்பியனுப்பிய அமீர் உண்டு, கொள்ளையிட்டவர் உண்டு, ஆயுதத்தை வெறுத்தவர்களைக் காத்ததும் இறுதியில் கானின் ஆயுதமே. இவையனைத்தையும் ஒப்புக்கொண்டபின் எஞ்சுவது ஒன்று உண்டு. நம்பிக்கைக்காக நாடு துறந்தவரின் துயரம் ஹிஜ்ரத்தின் வரலாற்றைப் படித்த நமக்கு அந்நியமன்று. மக்காவின் கொடுமை தாளாது வெளியேறிய முதல் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தவர் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியைப் பெயர் தெரியாத செராபுலாக் கிராமத்தார் திருப்பிச் செலுத்தினர் என்று கொள்வதில் பிழையில்லை.

சோமாலிய முஸ்லிம் தந்தைக்கும் அமெரிக்க மென்னோனைட் தாய்க்கும் பிறந்த எழுத்தாளர் சோஃபியா சமதார், இப்பயணத்தின் தடத்தைத் தேடிச் சென்று எழுதிய நூலை 2022இல் வெளியிட்டார். அதன் பெயரும் வெண்பள்ளிவாசலே. அகதிகள் எல்லைகளில் நிறுத்தப்படும் இக்காலத்தில், நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேரரசர்களின் வெற்றிகளைச் சொல்லும்போது, ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கள் பள்ளிவாசலை அயலாருக்குத் தந்த அவ்வூராரைப் பற்றியும் சொல்லி வைப்போமாக.