பெரியாற்று நீரும் அரசியல் சாசனமும்

மதுரைச் சீமையின் வயல்களுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்று வினவின், நம் சங்கத்துக் குடும்பங்களிலுள்ள சிறுவரும் பெரியாற்றிலிருந்து என்று விடை கூறுவர். அந்நீரின்மீது நமக்கு உரிமை எவ்வாறு வந்தது, எதனால் நிலைத்தது என்று வினவின், முதியோருள்ளும் விடை கூறுவோர் சிலரே. ஆதலின் அச்சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

வைகை மழையை நம்பிய ஆறு. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்நாடு பட்ட துயரம் சொல்லுந்தரத்ததன்று. மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பவேண்டுமென்னும் பழைய யோசனை அதன்பின் வலுப்பெற்றது. அணைக்குரிய இடமோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆகவே 1886-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 29-ஆம் தேதி, மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் இடையே குத்தகைப் பத்திரம் எழுதப்பெற்றது. நீர் தேங்குதற்கு 8,000 ஏக்கர் நிலம், 999 வருஷ காலம், ஏக்கருக்கு வருஷ வாடகை 5 ரூபாய் என்பன அதன் முக்கிய ஷரத்துக்கள். கர்னல் பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் நிறைவேறி, மேலூர் வரையில் நஞ்சை பெருகியது.

சென்னை ஸர்க்கார் அந்நீரால் மின்சாரம் உண்டாக்கக் கருதியபோது தகராறு எழுந்தது. பாசனத்துக்கே உரிமையுண்டு என்று 1941-இல் மத்தியஸ்தர் தீர்ப்பளித்தார். 1970-இல் இரு ராஜ்யங்களும் மனமொத்துச் செய்த உடன்படிக்கையால் மின்சார உரிமை கிடைத்தது. வாடகையும் 30 ரூபாயாக உயர்ந்தது.

பின்னர் அணையின் உறுதியைப்பற்றி ஐயம் எழ, 152 அடி கொள்ளத்தக்க நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகளின் பின், 142 அடி வரை உயர்த்தலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரள சட்டசபை, 136 அடிக்குமேல் தேக்கலாகாது என்று சட்டம் செய்தது. தமிழ்நாடு, சாசனத்தின் 131-ஆவது விதிப்படி நேரே சுப்ரீம் கோர்ட்டில் வழக்கிட்டது.

நீர் என்பது சாசனத்தில் ராஜ்யப் பட்டியலின் 17-ஆவது விஷயம். பல ராஜ்யங்களில் ஓடும் நதிகளை ஒழுங்குபடுத்துதல் மத்தியப் பட்டியலின் 56-ஆவது விஷயம். பெரியாறு தன் எல்லைக்குட்பட்ட நதியென்றும், மகாராஜா காலத்துப் பத்திரம் 1947-இல் காலாவதியாயிற்றென்றும் கேரளம் வாதித்தது. 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கூடிய அமர்வு அவ்வாதங்களை ஏற்கவில்லை. சட்டசபைக்குத் தன் எல்லையில் அதிகாரமுண்டு. ஆயினும் இரு ராஜ்யங்களையும் கட்டுப்படுத்திய தீர்ப்பைச் சட்டத்தால் மட்டும் அழித்தற்கு அதற்கு அதிகாரமில்லை என்று கூறி, அச்சட்டம் செல்லாதென்றனர். மேற்பார்வைக்கு ஒரு குழுவையும் நியமித்தனர்.

அன்பர்காள், இதனால் நாம் அறியவேண்டுவது யாது? நம் வயல்களைக் காத்தது தமிழ்நாட்டின் எண்ணிக்கை வலிமையுமன்று, மத்திய ஸர்க்காரின் தயவுமன்று. தன் வழக்கில் எவரும் தாமே நீதிபதியாகலாகாது என்னும் நெறியே காத்தது. அந்நெறி நம்மையும் கட்டுப்படுத்தும். அணைகளின் பாதுகாப்பைப்பற்றிய மத்திய மசோதாவை ராஜ்ய உரிமையின் பெயரால் 2018-இல் நம் சட்டசபை எதிர்த்தது. அஃது 2021-இல் சட்டமாயிற்று. பயன் தரும்போது மேலதிகாரத்தைப் போற்றி, தராதபோது எல்லையுரிமை பேசுதல் கேரளத்துக்கு அடாதெனின் நமக்கும் அடாது. அணையின்கீழ் வாழும் இடுக்கி மக்களின் அச்சத்தை இகழ்தலும் முறையன்று. அவர்களுயிரும் நம் பயிரும் ஒருங்கே காக்கப்படல் வேண்டும்.

ஆகையால் நம் குடும்பத்து வாலிபர்கள் பட்டா, சிட்டாவை அறிந்திருப்பதுபோல் அரசியல் சாசனத்தையும் கற்றறிவாராக. அதனை அறியாதவனுக்கு, தன் வாய்க்காலில் ஓடும் நீர் எதனால் ஓடுகிறதென்பது விளங்காது.