29 மான்கள், ஒரு தீவு: இனத்தொகைச் சூழலியல் படிக்க ஓர் உண்மைச் சம்பவம்



'தாங்குதிறன் என்றால் என்ன?' என்று கேட்டால் உடனே விளக்கம் சொல்லிவிடுவீர்கள். ஒரு வாழிடம் நீண்டகாலம் தாங்கக்கூடிய உச்ச எண்ணிக்கை. சரிதான், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும்? அதற்கு அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலில் இருக்கிற செயின்ட் மேத்யூ தீவுக்குப் போக வேண்டும்.

வருடம் 1944. நம் தாத்தா பாட்டி மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டு ஜப்பான்காரன் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்களே, அதே வருடம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை அந்தத் தீவில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வானொலி நிலையம் ஒன்றை வைத்திருந்தது. அங்கே இருந்தவர்கள் 19 பேர். உணவுக் கப்பல் வராமல் போனால் என்ன செய்வது என்று, 29 பனிமான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 24 பெண், 5 ஆண். போர் முடிந்ததும் மனிதர்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன.

அந்த மான்களுக்கு அது சொர்க்கம்தான். தரையெங்கும் லைக்கன், பல காலமாக யாரும் மேயாமல் தடித்துக் கிடந்தது. பெரிய வேட்டை விலங்கும் இல்லை, சின்னத் துருவ நரி மட்டும்தான். 1957இல் டேவிட் கிளைன் என்ற விலங்கியலாளர் போய் எண்ணினார்: 1,350. மறுபடியும் 1963இல் எண்ணினார்: 6,000.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்கள். 29 என்பது 13 வருடத்தில் 1,350 ஆக வேண்டுமென்றால் சராசரியாக ஆண்டுக்கு 34 விழுக்காடு வளர்ச்சி. அடுத்த ஆறு வருடத்திற்கு 28 விழுக்காடு. அடர்த்தியையும் பாருங்கள். தீவின் பரப்பு சுமார் 332 சதுர கிலோமீட்டர். 6,000 மான் என்றால் சதுர கிலோமீட்டருக்கு 18! வளர்ச்சி வீதம் குறைந்திருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். கிளைன் இன்னொன்றையும் கவனித்தார். 1957இல் கொழுகொழுவென்று இருந்த மான்கள் 1963இல் எடை குறைந்து மெலிந்திருந்தன. நூறு தாய்களுக்கு இருந்த குட்டிகளின் எண்ணிக்கையும் இறங்கியிருந்தது. இதைத்தான் நாம் 'அடர்த்தி சார்ந்த காரணி' என்று எழுதுகிறோம்.

இங்கே சின்ன வரலாறு. மக்கள்தொகை பெருக்குத் தொடராகவும் உணவு கூட்டுத் தொடராகவும் வளரும் என்று தாமஸ் மால்தஸ் 1798இல் எழுதினார். நாற்பது வருடம் கழித்து, 1838இல், பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஃபிரான்சுவா வெருல்ஸ்ட் அதற்கு ஒரு பிரேக் வைத்துச் சமன்பாடு எழுதினார். எல்லையை நெருங்க நெருங்க வளர்ச்சி தானாகவே மெதுவாகும். அதுதான் நம் எஸ் வடிவ வளைகோடு. பாவம், அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1920இல்தான் ரேமண்ட் பேர்ல், லோவெல் ரீட் இருவரும் அதே வளைகோட்டுக்கு மறுபடியும் வந்து சேர்ந்து, அமெரிக்க மக்கள்தொகை சுமார் 197 மில்லியனில் நின்றுவிடும் என்று கணித்தார்கள். 1970 கணக்கெடுப்பில் அது 203 மில்லியன்! வளைகோடு அழகாக இருக்கிறது என்பதற்காக உயிர்கள் அதன்படி நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தீவுக்குத் திரும்புவோம். 1963-64 குளிர்காலம் மிகக் கடுமையானது. 1966இல் கிளைன் மறுபடியும் போனபோது எங்கு பார்த்தாலும் எலும்புக்கூடுகள். உயிரோடு இருந்தவை 42. அதில் 41 பெண், ஒரே ஓர் ஆண், அதற்கும் கொம்பு சரியாக இல்லை. குட்டி ஒன்றுகூட இல்லை. 1980களுக்குள் அந்தத் தீவில் பனிமானே இல்லாமல் போனது.

பனிதானே கொன்றது, அது அடர்த்தி சாராத காரணி இல்லையா என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பனி எல்லா வருடமும் பெய்ததுதான். ஆனால் 1963இல் குளிர்காலத்திற்கு உதவும் லைக்கன் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருந்தது, மான்களின் உடம்பிலும் சேமிப்பு இல்லை. இரண்டு காரணியும் கைகோத்துக்கொண்டன. விடைத்தாளில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

வளைகோடு ஏன் மேலே போய்ச் சமமாகவில்லை? லைக்கன் மிக மெதுவாக வளரும், மேய்ந்த இடம் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். மான்கள் தின்றது வட்டியை அல்ல, முதலை. முதல் இருக்கும்வரை பிறப்பு வீதம் பெரிதாகக் குறையவில்லை, அதனால் பிரேக் தாமதமாகத்தான் பிடித்தது. அதற்குள் தாங்குதிறனே சரிந்துவிட்டது. வெருல்ஸ்ட் சமன்பாட்டில் அது மாறாத எண். தீவில் அப்படி இல்லை.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள், ஆசிரியர்களே. வரைபடத் தாளில் நான்கே புள்ளிகள்: 1944, 1957, 1963, 1966. மாணவர்களையே இணைக்கச் சொல்லுங்கள். பிறகு, தாங்குதிறன் கோட்டை எங்கே வரைவீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலோர் படுக்கையாக நேர்கோடு ஒன்று போடுவார்கள். அந்தக் கோடு 1963க்குப் பிறகும் அதே உயரத்தில் இருக்குமா என்று அடுத்ததாகக் கேளுங்கள்.