விப்ரியோ காலரே ஓ139: சென்னையில் தென்பட்ட புதிய காலரா கிருமி

விப்ரியோ காலரே ஓ139 என்பது காலராவை உண்டாக்கும் பாக்டீரிய வகைகளுள் ஒன்று. 1992 அக்டோபரில் சென்னையில் பரவிய நோயின் மூலம் இது முதன்முதலில் தெரியவந்தது. வளர்ப்பு ஊடகமும் சில எளிய சோதனைகளுமே இதை வெளிப்படுத்தின. அவற்றுள் ஒரு சோதனை 'இல்லை' என்று காட்டியதுதான் புதிய கிருமியின் முதல் தடயம்.

பின்னணி

காலரா கிருமியை 1884 தொடக்கத்தில் கல்கத்தாவில் தூய வளர்ப்பாகப் பிரித்தவர் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக். அவர் பயன்படுத்திய ஜெலட்டின் ஊடகம் வெப்பத்தில் உருகிவிடும். பின்னர், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகார் ஆய்வகங்களில் அதன் இடத்தைப் பிடித்தது.

அடையாளம் காணும் முறை

நோயாளியின் மலத்தில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் கலந்திருக்கும். அவற்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது தானியத்தைச் சல்லடையில் சலிப்பது போன்றது.

1. மல மாதிரி முதலில் காரத்தன்மை கொண்ட பெப்டோன் நீரில் சில மணி நேரம் வைக்கப்படும். காரத்தைத் தாங்கும் விப்ரியோக்கள் அதில் விரைந்து பெருகும்.
2. அடுத்து டி.சி.பி.எஸ். அகாரில் கீற்றி, 37 பாகை செல்சியசில் ஓர் இரவு வைக்கப்படும். அதிலுள்ள பித்த உப்பு பிற குடல் பாக்டீரியாக்களைத் தடுக்கும். காலரா கிருமி சுக்ரோசை நொதிக்கச் செய்து அமிலம் உண்டாக்குவதால் நிறங்காட்டி மாறி, மஞ்சள் நிறக் குடியிருப்புகள் தோன்றும். சுக்ரோசை நொதிக்காத விப்ரியோக்கள் பச்சையாகத் தெரியும்.
3. சாதாரண அகாரில் மறுபடி வளர்த்த பின் ஆக்சிடேசு சோதனை செய்யப்படும். சில நொடிகளில் கருஊதா நிறம் வர வேண்டும்.
4. கண்ணாடி வில்லையில் 0.5 விழுக்காடு சோடியம் டீஆக்சிகோலேட்டுக் கரைசலில் கிருமியைக் கலந்து தூக்கினால் நூல் போல இழுபடும். இது நூல் சோதனை.
5. இறுதியில் ஓ1 எதிர்ச்சீரம் ஒரு துளி சேர்க்கப்படும். ஓ1 வகையாக இருந்தால் கிருமிகள் கண்ணுக்குத் தெரியும்படி திரளும்.

திரளாத கிருமி

1992 வரை விப்ரியோ காலரேயில் 138 ஓ-வகைகள் அறியப்பட்டிருந்தன. பெருங்கொள்ளை நோயை உண்டாக்குவது ஓ1 மட்டுமே என்பது அன்றைய கருத்து. ஓ1 சீரத்தில் திரளாதவை பொதுவாகக் 'காலரா அல்லாத விப்ரியோ' என்றே ஒதுக்கப்பட்டன.

சென்னை மாதிரிகள் முதல் நான்கு படிகளையும் கடந்தன, ஐந்தாவதில் திரளவில்லை. பழைய வழக்கப்படி பார்த்தால் அது காலராவே இல்லை. ஆனால் நோயாளிகளுக்கோ அரிசி கழுவிய நீர் போன்ற பேதியும் கடும் நீரிழப்பும் இருந்தன. காலரா வழக்கமாக வரும் பகுதிகளில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும்; குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவர். இம்முறை பெரியவர்களும் பெருமளவில் நோயுற்றனர். பழைய எதிர்ப்பாற்றல் பயன்படவில்லை என்பதற்கு இது அறிகுறி.

வேலூரிலும் மதுரையிலும் இதே நிலை காணப்பட்டது. ஆண்டிறுதிக்குள் கல்கத்தாவிலும் வங்காளதேசத்திலும் நோய் பரவியது. கல்கத்தாவிலுள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய்கள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் இதைப் பற்றி 1993 மார்ச்சில் லான்செட் இதழில் எழுதினர். 138 வகைகளுக்கான எதிர்ச்சீரங்களில் எதிலும் சேராததால் இது 139-ஆவது வகையாக ஏற்கப்பட்டது. வங்காள விரிகுடாக் கரையோரப் பகுதிகளில் முதலில் கிடைத்ததால் 'பெங்கால்' என்ற பெயரும் வந்தது.

விளைவுகள்

1961 முதல் பரவிவந்த எல்டோர் ஓ1 வகையிலிருந்தே இது தோன்றியது எனப் பின்னர் தெரிந்தது. மேலுறையை உருவாக்கும் மரபணுக்கள் மாறியதால் பழைய சீரம் இதைப் பிடிக்கவில்லை. காலரா நச்சு மட்டும் மாறவில்லை. எனவே நீரிழப்பை ஈடுசெய்யும் பழைய சிகிச்சையே இதற்கும் பொருந்தியது.

எட்டாவது உலகப் பெருங்கொள்ளை நோயாக இது மாறும் என்ற அச்சம் நிறைவேறவில்லை. ஓ1 வகையே மீண்டும் மேலோங்கியது; இன்று ஓ139 அரிது. எனினும் ஆய்வகங்களின் சோதனை வரிசையில் ஓ139 எதிர்ச்சீரமும் சேர்க்கப்பட்டது. 2009-இல் இந்தியாவில் உரிமம் பெற்ற சான்கோல் வாய்வழித் தடுப்பு மருந்து இரு வகைகளையும் கொண்டு தயாரிக்கப்பட்டது.

திரளாமை என்பது 'ஓ1 அல்ல' என்று மட்டுமே சொல்லும். 'நோய்க்கிருமி அல்ல' என்று சொல்லாது. சோதனை முடிவை நோயாளியின் நிலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு ஓ139 சான்றாக உள்ளது.