வேர் ஒன்று, மரம் வேறொன்று



முருங்கைக் கொம்பை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். மாதுளையும் அத்தியும் அப்படியே. பால்மரத்தை மட்டும் ஏன் அப்படி வளர்க்கவில்லை என்று பிள்ளைகள் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 பால்மரக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற எச்.என். ரிட்லி, மரம் கெடாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பார்த்த தோட்டக்காரர்களிடமெல்லாம் விதையை நீட்டியதால் அவருக்குக் 'கிறுக்கு ரிட்லி' என்றே பட்டப்பெயர்! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் நம் செங்காங் வட்டாரத்திலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன.

ஆனால் விதையில் ஒரு சங்கடம். பால் மிகுந்த மரத்தின் விதையில் முளைப்பது தாயைப் போலவே இருக்காது. ஒரே நிரையில் ஒரு மரத்துக்குக் கோப்பை நிரம்பும். அடுத்த மரத்துக்கு அடிகூட நனையாது. கொம்பு நட்டால் தாயின் குணம் மாறாது, உண்மை. ஆனால் பால்மரக் கொம்பு லேசில் வேர் விடாது; விட்டாலும் ஆணிவேர் இறங்காது. பெருங்காற்று அடித்தால் சாய்ந்துவிடும்.

இதற்கு வழிதான் ஒட்டுக் கட்டுதல். 1910களில் ஜாவா, சுமத்திரா தோட்டங்களில் இம்முறை கைகூடியது. விதையில் முளைத்த கன்றின் அடிப்பட்டையைக் கீறி, கசியும் பாலைத் துடைத்து, நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்துச் செருகி இறுக்கிக் கட்டுவார்கள். சுமார் மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்து, பட்டை பச்சையாக இருந்தால் "புடிச்சிடுச்சு!" என்று மகிழ்வார்கள். பிறகு ஒட்டுக்கு மேலுள்ள கன்றை வெட்டிவிட, மொட்டு முளைத்து மரமாகும். ஆணிவேர் விதைக்கன்றுடையது, பால் நல்ல தாய்மரத்துடையது.

1925இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அது உருவாக்கிய 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்ற ரகம், ஜாவாவின் 'ஜிர் 1', சிலாங்கூரின் 'பி.பி. 86' ஆகியவற்றின் கலப்பு. பழைய விதைமரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கிலோ ரப்பர் தந்தன. புது ரகமோ பல இடங்களில் 1,500 கிலோவைத் தாண்டியது.

மரத்துக்குப் பெயரும் எண்ணும் உண்டு. முதுகு வளைய ஒட்டுக் கட்டியவர்களின் பெயர் எத்தனை ஏட்டில் உண்டு? மலாயா, சிங்கைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள். மாணவர்களே, உங்கள் வீட்டில் தோட்ட வேலை பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "தாத்தா, ஒட்டு எப்படிக் கட்டுனீங்க? கூட யார் யார் இருந்தாங்க?" சொல்வதை அப்படியே பெயரோடு எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்!