மணி அணிகலத் தொழில்

கல், கண்ணாடி, சங்கு, சுடுமண், விதை போன்றவற்றைத் துளையிட்டு, நூலிலோ கம்பியிலோ கோத்து அணிகலன் ஆக்கும் கைத்தொழில். தமிழகத்தில் இதற்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. பழைய மையங்களில் கொங்கு நாட்டுக் கொடுமணல் கல்மணிக்கும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு கண்ணாடி மணிக்கும் பெயர்பெற்றவை. அரிக்கமேட்டுக்குத் தெற்கே கடலூர்க் கடற்கரையும், தென்மேற்கே விருத்தாசலம், கம்மாபுரம், நெய்வேலி ஆகிய உள்நாட்டு ஊர்களும் உள்ளன. இவ்வட்டாரத்தில் கண்ணாடியை உருக்கியும் கல்லை உடைத்தும் மணி செய்த தொழில் மறைந்துவிட்டது. மணி கோக்கும் தொழில் தொடர்கிறது.

மூலப்பொருள்கள்

பழைய கல்மணிகள் பெரும்பாலும் சூதுபவளம், அகேட், பளிங்கு, செவ்வந்திக்கல், கார்னெட், பெரில் எனப்படும் பச்சைக்கல் ஆகியவற்றால் ஆனவை. பளிங்கும் பெரிலும் கொங்குப் பகுதியிலேயே கிடைத்தன. காங்கயத்தை அடுத்த படியூர் பெரிலுக்கும், சிவன்மலைச் சுற்றுவட்டாரம் நீலக்கல்லுக்கும் பெயர்பெற்றவை. படியூர்ச் சுரங்கத்தில் 1819-20இலும் ஆங்கிலேயர் ஒருவர் பெரில் வெட்டி எடுத்தார். இந்தியாவிலிருந்து வரும் பெரிலை உரோம எழுத்தாளர் பிளினி சிறப்பித்துக் கூறியிருக்கிறார். சூதுபவளமும் அகேட்டும் குஜராத், மகாராஷ்டிரப் பகுதிகளில் மிகுதி. அவை வணிகர் வழியே தெற்கே வந்தன. முத்தும் சங்கும் மன்னார் வளைகுடாவிலும், பவளம் மத்தியதரைக் கடலிலும் கிடைத்தன.

கொடுமணல்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் செல்லும் பழைய வணிகப் பாதையில் அமைந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளும், தொல்லியலாளர் கா. இராசன் தலைமையில் பின்னர் நடந்த ஆய்வுகளும் இங்கே பெரிய கல்மணித் தொழிற்கூடம் இயங்கியதை உறுதிப்படுத்தின. உடைக்காத மூலக்கல், செதுக்கிய கட்டி, தீட்டி முடித்தும் துளையிடாத மணி, துளையிடும்போது உடைந்த மணி, கழிவுச் சில்லு என எல்லா நிலைகளும் ஒரே ஊரில் கிடைத்ததே அதற்குச் சான்று. ஈமச்சின்னம் ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. பதிற்றுப்பத்து, கொடுமணம் என்னும் ஊரை அருங்கலன்களுக்குப் பெயர்பெற்றதாகச் சுட்டுகிறது. அறிஞர் அவ்வூரைக் கொடுமணல் என்றே கொள்வர். மதுரைக்காஞ்சி நகரத் தொழிலாளரிடையே மணிக்குத் துளையிடுவோரைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை விரிவாகக் காட்டுகிறது.

கல்மணி செய்முறை

முதலில் கல்லைச் சூடாக்குவர். சூதுபவளத்துக்கு இது இன்றியமையாதது: மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் கல்லில் உள்ள இரும்புச் சேர்மம் சூட்டில் மாறி, கல் சிவக்கிறது, உடைப்பதும் எளிதாகிறது. பின்னர் கட்டியைச் செதுக்கி மணியின் உருவுக்குக் கொண்டுவந்து, சாணைக்கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவர்.

துளையிடுவதே கடினமான படி. பளிங்கும் சூதுபவளமும் இரும்பைவிடக் கடினமானவை என்பதால் வெறும் இரும்பு ஊசி அவற்றில் இறங்காது. ஊசி முனையில் ஒன்றோ இரண்டோ வைரத் துணுக்கைப் பதித்து, வில்லின் நாணைச் சுற்றி இழுத்துச் சுழற்றுவர். இரு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் இணைப்பதுண்டு. பழைய மணிகள் பலவற்றில் அந்த இணைப்பு சற்று விலகியிருப்பதைக் காணலாம். குஜராத்தின் கம்பாத் (காம்பே) நகரில் வைர ஊசியால் துளையிடும் முறை இன்றுவரை வழக்கில் உள்ளது. காரப் பூச்சைத் தடவிச் சுட்டு, சூதுபவளத்தின் மேல் வெண்கோடுகள் வரைவதும் பழைய நுட்பங்களுள் ஒன்று.

அரிக்கமேடு

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், காக்காயன்தோப்பை ஒட்டியுள்ள மேடு. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் பயணநூலும் பண்டைப் புவியியலாளர் தாலமியும் குறிக்கும் பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என்பர். 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரே இங்கே கிடைத்த மணிகளையும், உரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் எனக் கருதப்பட்ட செதுக்குக் கல்லையும் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் முறையான அகழாய்வு நடத்தினார். இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் மட்கலங்களின் காலம் தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்த தென்னிந்தியப் பொருள்களுக்கும் அவர் காலம் கணிக்க முடிந்தது. அடுத்து 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய ஆய்வு, இங்கே மக்கள் வாழ்ந்த காலம் வீலர் கணித்ததைவிட முன்னும் பின்னும் நீண்டது என்று காட்டியது.

வீலர் அரிக்கமேட்டை உரோமரின் வணிக நிலையமாகப் பார்த்தார். மணிகளை ஆராய்ந்தவர்களுக்கு அது முதன்மையாக உள்ளூர்க் கைவினைஞரின் தொழிற்கூடமாகத் தெரிந்தது. கல்மணியும் கண்ணாடி மணியும் இங்கே ஒரே இடத்தில் செய்யப்பட்டன. கடலூரை அடுத்த காரைக்காடு, குடிகாடு பகுதியிலும் அரிக்கமேட்டில் உள்ளவை போன்ற மணிகள் கிடைத்துள்ளன. பழனி அருகே பொருந்தலில் கண்ணாடி மணிகளும், கீழடியில் கல்மணி, கண்ணாடி மணி இரண்டும் கிடைத்திருப்பதால், மணி அணியும் வழக்கம் துறைமுகங்களோடு நிற்கவில்லை என்பது தெளிவு.

இழுவை முறைக் கண்ணாடி மணி

அரிக்கமேட்டின் கண்ணாடி மணி சிறியது; பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த குறுக்களவு கொண்டது; ஒரே நிறமுடையது. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, நடுவே துளையிட்டு, அதை உலையில் வைத்தபடியே மறுபுறம் மெல்லிய குழலாக இழுப்பர். ஒரு திரளையிலிருந்து தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கலாம் என்பதால் ஆயிரக்கணக்கான மணிகள் ஒரே வேலையில் கிடைத்தன. குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கச் சாம்பலில் கலந்து மீண்டும் சூடாக்கினால் கூர்முனைகள் மழுங்கி உருண்டை வடிவம் வரும். செம்பு செங்கல் நிறத்தையும் பச்சைநீலத்தையும் தந்தது. கோபால்ட் கருநீலத்தைத் தந்தது.

இவ்வகை மணிகள் இலங்கை, தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா, கொரியா, ஜப்பான், கிழக்கு மற்றும் தென் ஆப்பிரிக்கா எனப் பரந்த நிலப்பரப்பில் கிடைக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். அரிக்கமேட்டுக் கைவினைஞர் இலங்கையில் மன்னாரை அடுத்த மாந்தை, தாய்லாந்தின் குலோங் தோம், வியட்நாமின் ஒக் இயோ முதலிய இடங்களுக்குத் தொழிலைக் கொண்டுசென்றனர் என்பது அவர் கருத்து. பின்வந்த வேதியியல் ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின: தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்காசியாவில் வெவ்வேறு கலவை கொண்ட கண்ணாடிகள் பயன்பட்டன, மையம் ஒன்றல்ல, பல.

சோழர் காலமும் பின்னும்

கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வழங்கிய நகைகளைக் கல்வாரியாகப் பட்டியலிடுகின்றன. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனத் தரம் பிரித்து எண்ணப்பட்டன. நகைக்குள் அடைத்த அரக்கும் எடைக்கணக்கில் சேர்ந்தது. ஆனால் இது அரசரையும் கோயிலையும் சார்ந்த பொற்கொல்லர் மரபு. நாகர்கோவிலை அடுத்த வடசேரியின் கோயில் நகைத் தொழில் இம்மரபில் வருகிறது. சிவப்புக் கெம்புக்கல் பதித்த அந்நகைகளைப் பரதநாட்டியக் கலைஞர் அணிகின்றனர். இதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

எளியோருக்கான கண்ணாடி மணித் தொழில் வடக்கே நகர்ந்தது. ஆந்திரத்தில் திருப்பதியை அடுத்த பாப்பாநாயுடுபேட்டையில் இழுவை முறை அண்மைக் காலம் வரை உயிருடன் இருந்ததைப் பிரான்சிஸ் பதிவு செய்தார். அரிக்கமேட்டில் மணி எப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிஞர் புரிந்துகொண்டது பெரிதும் அவ்வூர் உலைகளைப் பார்த்தே. ஐரோப்பியர் வருகைக்குப் பின் வெனிஸ், பொகீமியா மணிகள் சந்தைக்கு வந்தன. இன்று உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகர், வாரணாசி மணிகளும் சீன மணிகளும் தமிழகத்தில் புழங்குகின்றன. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டும் தொழில் தனியே வளர்ந்தது.

இன்றைய நிலை

தமிழகத்தில் மணி கோப்பதை வாழ்வாதாரமாகக் கொண்டவர்களில் நரிக்குறவர் முதன்மையானவர். இவர்களின் தாய்மொழி வாக்ரிபோலி குஜராத்திக்கு நெருக்கமான இந்தோ-ஆரிய மொழி. வேட்டையும் பறவை பிடித்தலும் இவர்களின் பழைய தொழில்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வழியை அடைத்தபின் ஊசிமணி, பாசிமணி விற்பனையையே பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. மணியை மொத்தக் கடைகளில் வாங்கி, நரம்பிலும் கம்பியிலும் கோத்து, பேருந்து நிலையங்களிலும் விருத்தாசலம் மாசி மகம் போன்ற திருவிழாக்களிலும் விற்கின்றனர். இவர்களைப் பட்டியல் பழங்குடியினராகச் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.

1968இல் தொடங்கிய ஆரோவில்லின் கைவினைக் கூடங்களிலும், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும், வீடுகளிலும் கல்லும் மணியும் கோத்த நகைகள் செய்யப்படுகின்றன. சுடுமண் நகை செய்வோர் மட்டும் மணியையும் தாமே உருட்டி, துளையிட்டு, சுட்டு, வண்ணம் பூசுகின்றனர். கம்மாபுரம் வட்டாரத்துக்கு இது பொருத்தமான கிளை: விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது, அங்கே அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனமும் உண்டு, நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெண்களிமண்ணும் கிடைக்கிறது.

 மணியே வெளியிலிருந்து வரும்வரை இத்தொழிலின் வருவாயில் ஒரு பங்கும் வெளியே செல்லும். உள்ளூர் மண்ணில் செய்யும் மணிக்கே அதை மாற்றும் வாய்ப்பு உண்டு.