சாயம் போன எம்ஜிபி

விளம்பரத்துக்கு நான் எழுதிய முதல் வரி இது: "என்ஜின் பிரமாதம், பெயிண்ட் பரிதாபம்." மனைவி படித்துவிட்டு, "எடுத்த எடுப்பிலேயே குறையைச் சொன்னா யாருங்க வருவாங்க?" என்றாள்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இங்கிலாந்தில் பழைய கார் விற்பவர்கள் எழுதும் மொழி நம்மூர் வரன் தேவை விளம்பரங்களுக்குத் தங்கை முறை. அங்கே 'மாநிறம்' என்று போட்டிருந்தால் நாம் புரிந்துகொள்வதில்லையா, அந்த மாதிரி. 'வெளித்தோற்றத்தில் சிறிது கவனம் தேவை' என்றால் துரு அரித்திருக்கிறது. 'எப்போதாவது மட்டும் ஓட்டியது' என்றால் பேட்டரி உயிரோடு இல்லை. 'ஆர்வமுள்ளவர் சுலபமாக முடித்துவிடலாம்' என்று இருந்தால், ஆர்வமுள்ள மூன்று பேர் ஏற்கெனவே அதைப் பாதியில் கைவிட்டிருக்கிறார்கள்.

நான் விற்க வந்தது 1972-ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர். இரண்டு இருக்கை, மடக்கும் துணிக்கூரை, ஸ்போக் சக்கரம். வாங்கிய புதிதில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "எம்ஜிஆர் காரா?" என்று கேட்டாள். ஒரு கணம் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. மதிப்பு கூடியிருக்கும்.

எம்ஜி என்பது மோரிஸ் கராஜஸ் என்பதன் முதலெழுத்துகள். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸின் கார்களை விற்ற கடை அது. அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர், சாதா மோரிஸ் காரின் அடிச்சட்டத்தில் அழகான வேறு உடலைப் பூட்டி விற்க ஆரம்பித்தார். வியாபாரம் பெருகி, 1929-ல் ஆபிங்டன் என்ற சிற்றூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் காலியாகக் கிடந்த பகுதிக்குக் குடிபோனது. எம்ஜிபி 1962-ல் அங்கேதான் வந்தது. அதற்கு முந்தைய எம்ஜிஏவில் அடிச்சட்டம் தனி, உடல் தனி. எம்ஜிபியில் உடலே சட்டம். தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டுத்தான் கார் நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் துருவைப் பற்றிப் பேசும்போது இது வேண்டியிருக்கும்.

ஆபிங்டனில் கூடும் தயாராகவில்லை, என்ஜினும் தயாராகவில்லை. எல்லாம் வேறு ஊர்களிலிருந்து லாரியில் வந்து இறங்கும், அங்கே பூட்டுவார்கள். தானாக ஊர்ந்துபோகும் தொடர்கூட இல்லை. ஒரு கட்டத்து வேலை முடிந்தால் ஆட்கள் காரைக் கையால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளித் தள்ளியே 18 வருடத்தில் 5 லட்சத்துக்கும் மேல் எம்ஜிபிக்கள் அந்தக் கொட்டகையைத் தாண்டின. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. என்னுடையது ஏறவில்லை. பானெட்டைத் திறந்தால் தகட்டில் 'ஜி.எச்.என்.5' என்று தொடங்கும் எண் தெரியும்: ஜி என்றால் எம்ஜி, எச் என்பது என்ஜின் அளவின் வகுப்பு, என் என்றால் இரண்டு இருக்கைத் திறந்த கார். கூபே வடிவ ஜிடி என்றால் அந்த இடத்தில் டி இருக்கும். கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கட்டி எழுதினால், பழைய தொழிற்சாலைப் பேரேட்டைப் பார்த்துப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒன்று அனுப்புகிறார்கள். எனக்கும் வந்தது. நிறம்: டீல் ப்ளூ. பச்சை கொஞ்சம் கலந்த ஆழ்ந்த நீலம், கிட்டத்தட்ட மயில் கழுத்து. காரைப் பார்த்து அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

முதலில் வாங்கியவர் ஒரு பல் மருத்துவர். அது 1972 வசந்தகாலம். எண் பலகையின் கடைசி எழுத்தான 'கே' அந்தப் பருவத்தைச் சேர்ந்தது. நான்கு வருடத்தில் அவருக்குக் குழந்தை பிறந்தது. இரண்டு இருக்கைக் காருக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. அடுத்து வந்த இருவர் காலத்தில் அது வெறும் பழைய கார். தெருவோரத்தில் நின்றது, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பைக் குடித்தது, பிறகு ஒரு கராஜில் சுவரோரமாக ஒதுங்கியது. அதற்குள் பிறந்த வீடும் போய்விட்டது. எம்ஜி ஆபிங்டனுக்கு வந்த 50-ஆம் ஆண்டு விழாவை 1979-ல் ஊரே கொண்டாடிய கையோடு, செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான்காவது ஆள்தான் முக்கியமானவர். லெஸ்டருக்கு வெளியே, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். 1993-ல் வாங்கினார். அவர் கையெழுத்தில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. தேதி, மைல், என்ன செய்தார், எவ்வளவு செலவு. மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை 20டபிள்யூ-50 ஆயில், தவறாமல். நடுவே ஒட்டிய புகைப்படங்களில் கார் கதவில்லாமல் குறுக்குக் கம்பி தாங்க நிற்கிறது, கீழே தீப்பொறி.

அந்தப் படங்கள்தான் இந்தக் காரின் சொத்துப் பத்திரம் என்பேன். கதவுக்கு அடியில் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பெட்டித் தகடு ஓடுகிறது. இங்கே 'சில்' என்பார்கள். பார்க்க வாசற்படி மாதிரி இருக்கும். உண்மையில் அதுதான் முதுகெலும்பு. கூரை இல்லாத காருக்கு முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது முக்கியமாக அதுதான். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு, மட்கார்டுக்கு உள்ளே அதன் அடிமூலையில் போய்ச் சேர்ந்து ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். துரு அங்கே ஆரம்பித்து சில்லுக்குள் இறங்கும். வெளியே குமிழி தெரியும்போது உள்ளே இருக்கும் தகடுகள் பிஸ்கட் ஆகியிருக்கும். சில பேர் அதைச் சரிசெய்ய மாட்டார்கள். மேலே ஒரு தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, சந்தைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதனால் எம்ஜிபி விஷயத்தில் என் எண்ணம் இது: பளபளக்கிற காரைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். நம்மூரில் சாயம் வெளுத்துவிட்டது என்றால் குட்டு உடைந்தது என்று அர்த்தம். இதற்குச் சாயம் வெளுத்தும் உடைய ஒரு குட்டும் இல்லை.

தபால்காரர் சில் முழுவதையும் வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார். உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு மூன்றும். பெயிண்ட் மட்டும் அவருக்கு வரவில்லை. டப்பா ஸ்பிரே வாங்கி அவரே அடித்தார். அதனால் கார் கீழே ஒரு நீலம், மேலே ஒரு நீலம். மேல் நீலம் 50 வருட வெயிலில் வெளிறி, கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி விரலில் ஒட்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு நீலமே இல்லை. அடிப்பூச்சும் போய், பழுப்பாகத் தகடு தெரிகிறது. ஐந்து பேருடைய வலது முழங்கை அங்கே ஊன்றியிருக்கிறது. ஐந்தாவது என்னுடையது. குரோம் பம்பரில் அம்மைத் தழும்பு. துணிக்கூரையின் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி, அதன் வழியாகப் பார்த்தால் எல்லா நாளும் சாயங்காலம்.

மைல்மீட்டர் 38 ஆயிரம் சொச்சம் காட்டுகிறது. அதில் இருப்பது ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். அது ஒரு சுற்று சுற்றிவிட்டது என்று பழைய தகுதிச் சோதனைச் சான்றுகள் சொல்கின்றன. விளம்பரத்தில் 1,38,000 என்றே எழுதினேன். மனைவி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும்.

2011-ல் தபால்காரர் கண் மங்கி ஓட்ட முடியாமல்போய் எனக்கு விற்றார். நான் செய்தது கொஞ்சம்தான்: கிளட்ச், பிரேக் ஹோஸ்கள், ரேடியேட்டர், எத்தனால் கலந்த புதுப் பெட்ரோல் வந்த பிறகு அதைத் தாங்கும் ரப்பர்க் குழாய்கள். 40 வயதைக் கடந்த காருக்கு இங்கே சாலை வரி இல்லை. பெரிதாக எதையும் மாற்றியிருக்காவிட்டால் வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் கொண்டுபோய்ச் சோதித்தேன். அந்தக் காகிதக் கட்டு காரைவிடப் பளபளப்பு.

என்ஜின் 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். எஸ்யூ என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன். காலணி வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கியது. அவர்களுடைய ஆரம்பகாலக் கார்புரேட்டரில் காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்கியது தோல் துருத்தி. தோல் தொழிற்சாலையில் பூட்டிய காருக்குச் செருப்புக்காரர் கார்புரேட்டர். இதை எனக்கு முன்னால் எத்தனை பேர் கவனித்தார்களோ. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சூடான என்ஜினில் ஆயில் அழுத்தம் 60, நின்ற இடத்தில் 20. இந்த வயதில் என் இரத்த அழுத்தத்தை நான் இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்ல முடியாது.

பெயிண்ட் அடித்தே விற்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். விசாரித்தேன். ஒழுங்காகச் செய்தால் 6,500 பவுண்டு என்றார் ஒரு டிங்கரிங்காரர். நான் காருக்கு வைத்த விலையே 5,750. போட்ட காசு திரும்பாது. அதோடு, அடித்துவிட்டால் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் படங்களை யார் நம்புவார்கள்? இன்னொரு பட்டிப் பார்ட்டி என்றுதான் நினைப்பார்கள். இங்கே ஒரு சாரார் இப்படிப்பட்ட கார்களை 'எண்ணெய்த் துணிக் கார்' என்று செல்லமாகச் சொல்வார்கள். மெருகு போட மாட்டார்கள். எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, அப்படியே ஓட்டுவார்கள்.

முதலில் வந்தவர் நல்ல கோட் போட்டிருந்தார். காரை மூன்று முறை பிரதட்சிணம் செய்தார். முழங்கை இடத்தைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பானெட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை. "மூவாயிரத்து ஐந்நூறு" என்றார். நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். "கையெழுத்து அழகாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது போன் ஷெஃபீல்டிலிருந்து. மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்க்கும் பெண், முப்பது வயது இருக்கும். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நான் வருவதற்கு முன்னால் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்றாள். வந்து இறங்கியதும் வணக்கம் சொன்ன கையோடு பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் சிரித்தாள்.

கைக்குட்டையில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று வைத்திருந்தாள். சில் நெடுகிலும், மட்கார்டின் அடிமூலையிலும் வைத்து வைத்து எடுத்தாள். பட்டி இருந்த இடத்தில் காந்தம் பிடிக்காது. எல்லா இடத்திலும் பிடித்தது. பிறகு ஜாக்கியைக் கேட்டாள். கதவுக்குக் கீழே முட்டுக்கொடுத்து ஏற்றிவிட்டு, அந்த நிலையிலேயே கதவைத் திறந்து மூடினாள். சில் செத்திருந்தால் கார் வளைந்து கதவு இடிக்கும். டப் என்று சுத்தமாக மூடியது. மறுபக்கமும் அதேபோல. டார்ச்சோடு காருக்கு அடியில் கால் மணி நேரம் படுத்திருந்தாள். நான் நின்றபடி இரண்டு ஷூக்களிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து டிக்டிக்டிக் என்று சத்தம். பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிறையும்வரை அடித்துவிட்டு நின்றுவிடும். அந்த மௌனத்துக்குப் பிறகு ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. தொடங்கவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் காண்டாக்ட் அழுக்கு. அது அவ்வப்போது வரும் கோளாறு, அதையும் சொல்லிவிட்டேன். வலது பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பும், தட்டுவதற்கு இருக்கைக்குப் பின்னால் சுத்தியல் இருக்கிறது. ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் தோல் வைத்த சுத்தியல், சக்கர நட்டைக் கழற்றுவதற்காக வைத்திருப்பது.

"எந்தப் பக்கத்தால் தட்ட வேண்டும்?" என்று கேட்டாள். யாரும் என்னிடம் கேட்டதில்லை. தோல் பக்கம் என்றேன்.

ஓட்டிப் பார்த்துவிட்டு 5,400 கேட்டாள். பேரம் பேசுவதற்காகத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய் 5,500-க்குச் சரி என்றேன். வண்டிப் பதிவுத் தாளில் முந்தைய உரிமையாளர் எண்ணிக்கையில் நானும் ஒருவனாகச் சேர்ந்தேன். பாதி மீந்த நீல ஸ்பிரே டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். கதவின் முழங்கை இடத்தில் தன் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். "இது வேண்டாம்" என்று டப்பாவை என் கையிலேயே திரும்ப வைத்துவிட்டாள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டாள்.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு செய்தி வந்தது. செஸ்டர்ஃபீல்டைத் தாண்டி ஒரு பங்கில் பம்ப் டிக்கவில்லையாம். தோல் பக்கத்தால் இரண்டு தட்டு. வீடு வந்து சேர்ந்துவிட்டேன், நோட்டில் எழுதிவிட்டேன்.