“மிக மோசமான ஒப்பந்தம்”: லூக்கா மொட்ரிச் வந்து சேர்ந்த மைதானங்கள்

2012 டிசெம்பர் இறுதியில், ஸ்பெயினின் விளையாட்டு நாளேடான ‘மார்க்கா’ தன் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. அந்தப் பருவத்தில் ஸ்பானிய லீக்குக்கு வந்த புதிய வீரர்களில் மிக மோசமான ஒப்பந்தம் எது? வாக்களித்தவர்களில் 32 சதவீதமானோர் ஒரே பெயரைத் தெரிவுசெய்தார்கள்: லூக்கா மொட்ரிச். அவர் ரியல் மட்ரிட் கழகத்துக்கு வந்து அப்போது நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அந்த மனிதர் பிறகு அதே கழகத்தில் 13 பருவங்கள் ஆடினார். ஆறு சம்பியன்ஸ் லீக் கிண்ணங்கள் உட்பட 28 கிண்ணங்களை வென்றார். அந்தக் கழகத்தின் வரலாற்றில் வேறெந்த வீரரும் அவ்வளவு வென்றதில்லை. பத்து ஆண்டுகளாக மெஸ்ஸியும் ரொனால்டோவும் மட்டுமே மாறிமாறிப் பெற்றுவந்த பலோன் டோர் விருது 2018 இல் அவருடைய கைக்குப் போனது.

நானும் மொட்ரிச்சும் ஒரே ஆண்டில், 1985 இல் பிறந்தவர்கள். 2018 உலகக் கிண்ணப் போட்டி நடந்த நாட்களில்தான் அவருடைய சிறுவயதைப் பற்றி வாசித்தேன். அதற்குப் பிறகு அவருடைய கோல்களைவிட, அவர் புதியவராகப் போய்ச் சேர்ந்த இடங்கள்தான் எனக்கு முக்கியமாகப்பட்டன. ஒரு வீரர் அந்நிய லீக் ஒன்றுக்குள் எப்படிப் பொருந்துகிறார், அதற்கு என்ன தேவைப்படுகிறது என்பதை அவருடைய கதையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

முதல் இடப்பெயர்வு

குரோஷியாவின் கரையோர நகரமான ஸாடாருக்கு அப்பால், வெலெபிட் மலைச்சரிவில் மொட்ரிச் குடும்பத்தின் ஊர் இருந்தது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, சிறுவன் தாத்தாவோடு வளர்ந்தான். தாத்தாவின் பெயரும் லூக்காதான். ஐந்து வயதுப் பையன் மலையில் ஆடுகளை ஓட்டிச் செல்லும் பழைய காணொளி ஒன்று இன்றும் கிடைக்கிறது.

1991 இல் போர் தொடங்கியது. அந்த டிசெம்பர் மாதம் சேர்பிய ஆயுததாரிகள் தாத்தாவைக் கொன்றார்கள். வீடு எரிக்கப்பட்டது. குடும்பம் ஸாடார் நகருக்கு ஓடியது. அங்கே இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட ஹொட்டேல்களில் ஏழு ஆண்டுகள் அகதிகளாக வாழ்ந்தது. தகப்பன் குரோஷிய இராணுவத்தில் தொழில்நுட்பப் பணியாளராகச் சேர்ந்தார். நகரின் மீது எறிகணைகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில், சிறுவன் கொலொவாரே என்ற ஹொட்டேலின் வாகனத் தரிப்பிடத்தில் பந்து உதைத்தான்.

அந்தப் போரில் துன்பப்பட்டவர்கள் ஒரு தரப்பினர் மட்டுமல்ல. 1995 ஓகஸ்டில் குரோஷிய இராணுவம் நடத்திய ‘புயல்’ நடவடிக்கையின்போது ஓர் இலட்சத்துக்கும் அதிகமான சேர்பியர்கள் தங்கள் வீடுகளை விட்டு உழவு இயந்திரங்களிலும் கார்களிலும் வெளியேறினார்கள். அந்த வரிசைகளிலும் பந்து விளையாடக்கூடிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

ஸாடார் கழகத்தின் இளைஞர் பிரிவை நடத்தியவர் தோமிஸ்லாவ் பாஷிச். ஹைடுக் ஸ்பிலிட் என்ற பெரிய கழகம், உடல் மிகச் சிறிது என்று சொல்லி மொட்ரிச்சைத் திருப்பி அனுப்பியபோது பாஷிச் அவரைக் கைவிடவில்லை. பின்னர் தலைநகரின் டினாமோ சாக்ரெப் கழகத்துக்கு அவர் போவதற்கு வழி அமைத்தவரும் பாஷிச்தான். மொட்ரிச் அவரைத் தன் விளையாட்டுத் தந்தை என்றே குறிப்பிட்டுவந்தார்.

மொஸ்டார்: கடுமையான லீக்

டினாமோ கழகம் 18 வயது மொட்ரிச்சை 2003 இல் இரவல் அடிப்படையில் பொஸ்னியாவுக்கு அனுப்பியது. அவர் ஆடிய முதலாவது வெளிநாட்டு லீக் அதுதான். அவர் சேர்ந்த ஸ்ரின்ஸ்கி கழகம் மொஸ்டார் நகரைச் சேர்ந்தது. பொஸ்னியப் போரின் நடுவே குரோஷியர்களும் பொஸ்னிய முஸ்லிம்களும் அந்த நகரின் வீதிகளிலேயே மோதினார்கள். நெரெத்வா ஆற்றின் மேல் நின்ற நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கற்பாலம் 1993 நவம்பரில் எறிகணைகளால் தகர்க்கப்பட்டது. போர் முடிந்த பிறகு உதைபந்தாட்டமும் பிரிந்தே கிடந்தது. மேற்குக் கரையிலுள்ள மைதானம் குரோஷியர்களின் ஸ்ரின்ஸ்கி கழகத்திடம் போனது. போருக்கு முன்னர் நகரின் பெரிய கழகமாக அங்கே ஆடிய வெலெஷ், நகருக்கு வெளியே சிறிய மைதானம் ஒன்றுக்குப் போகவேண்டியதாயிற்று.

மொட்ரிச் மொஸ்டாரில் ஆடிய பருவத்தில் அந்தப் பாலம் மீளக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2004 ஜூலையில்தான் அது திறக்கப்பட்டது. பொஸ்னியா முழுவதற்குமான ஒரே லீக்கும் அப்போது புதியது. சேர்பியப் பகுதிக் கழகங்கள் அதில் இணைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மைதானங்கள் மோசமானவை, உதைகள் கடுமையானவை, வெளியூர் ஆட்டங்களில் பார்வையாளரின் பகைமை வெளிப்படையானது. மெலிந்த உடலோடு போன பையன் அந்த ஆண்டு லீக்கின் சிறந்த வீரராகத் தெரிவானான். பொஸ்னிய லீக்கில் ஆடக்கூடியவர் எங்கேயும் ஆடலாம் என்று மொட்ரிச் பின்னாளில் சொன்னதுண்டு.

லண்டன்: எந்த இடத்தில் நிறுத்துவது?

டினாமோவுடன் மூன்று லீக் கிண்ணங்களை வென்ற பிறகு, 2008 இல் 16.5 மில்லியன் பவுண் விலையில் இங்கிலாந்தின் ரொட்டன்ஹாம் கழகத்துக்குப் போனார். அவர் விட்டுவந்த குரோஷிய லீக்கில் 12 கழகங்கள், இங்கிலாந்தில் 20. குரோஷியாவில் குளிர்காலத்தில் நீண்ட இடைவேளை உண்டு. இங்கிலாந்தில் அக்காலத்தில் அப்படி ஓர் இடைவேளையே இல்லை, நத்தார் நாட்களில்தான் ஆட்டங்கள் அடுத்தடுத்து வரும். இங்கிலாந்து நடுவர்கள் உடலோடு உடல் மோதுவதை அதிகம் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு லீக்கில் தவறாகும் மோதல் இன்னொன்றில் ஆட்டத்தின் பகுதி. புதிய வீரர் முதலில் கற்றுக்கொள்ளவேண்டியது இதைத்தான்.

தொடக்கம் மிக மோசமாக இருந்தது. முதல் எட்டு லீக் ஆட்டங்களில் ரொட்டன்ஹாம் எடுத்த புள்ளிகள் இரண்டு. அட்டவணையில் கடைசி இடம். 1.72 மீற்றர் உயரமுள்ள மொட்ரிச் இந்த லீக்குக்குப் போதாது என்ற பேச்சு எழுந்தது. ஒக்டோபரில் பயிற்றுவிப்பாளர் ஹுவாண்டே ராமோஸ் நீக்கப்பட்டு ஹரி ரெட்னப் வந்தார். அவர் மொட்ரிச்சை இடப்பக்கத்தில் ஆடவிட்டார், பின்னர் மத்திய களத்துக்குக் கொண்டுவந்தார். ரொட்டன்ஹாம் அந்தப் பருவத்தை எட்டாம் இடத்தில் முடித்தது. 2009 ஓகஸ்டில் மொட்ரிச்சின் கால் எலும்பு முறிந்து அவர் நான்கு மாதங்கள் வெளியே இருந்தபோதும், அடுத்த பருவம் நான்காம் இடம் கிடைத்து சம்பியன்ஸ் லீக்குக்கான கதவு திறந்தது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. முதல் எட்டு ஆட்டங்களில் ஆடியவரும் பிறகு ஆடியவரும் ஒரே ஆள்தான். இடையில் மாறியது அவர் நிறுத்தப்பட்ட இடமும் அவரை நிறுத்தியவருடைய நம்பிக்கையும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே 2008 செப்டெம்பரில் வெட்ரான் சோர்லுகாவும் ரொட்டன்ஹாமுக்கு வந்தார். டினாமோவிலும், அதற்கு முன்பு இரவலில் போன சிறிய கழகத்திலும் மொட்ரிச்சோடு ஆடிய நண்பர் அவர். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் தாய்மொழியில் பேச ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை, வெளிநாடு போய் இறங்கிய முதல் வாரத்தில் ஊர்க்காரர் ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

மட்ரிட்: நான்கு மாதத் தீர்ப்பு

2012 கோடையில் மொட்ரிச் மட்ரிட் போக விரும்பினார். ரொட்டன்ஹாம் விட மறுத்தது. இழுபறியில் பருவத்துக்கு முந்திய பயிற்சிக்காலம் அவருக்கு இல்லாமலே போனது. ஓகஸ்ட் 27 ஆம் திகதி ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு நாட்களின் பின் பார்சலோனாவுக்கு எதிரான சுப்பர் கிண்ண ஆட்டத்தில் மாற்று வீரராக இறக்கப்பட்டார். சபி அலொன்சோ, கெதிரா, ஓசில் என்று மத்திய களத்தில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தவர்களுக்குப் பின்னால் அவர் வரிசையில் நின்றார். பெருவிலையில் வந்தவர் வாங்கில் இருந்தால் பார்ப்பவர்களுக்கு உடனே கோபம் வரும். ‘மார்க்கா’ வாக்கெடுப்பு நடந்தது இந்த நிலையில்தான்.

2013 மார்ச் 5 அன்று மன்செஸ்ரர் யுனைற்றட் மைதானத்தில் சம்பியன்ஸ் லீக் ஆட்டம். மட்ரிட் ஒரு கோல் பின்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் இறங்கிய மொட்ரிச், சில நிமிடங்களில் பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அடுத்து ரொனால்டோ அடித்தார், மட்ரிட் வென்றது. 2014 மே மாதம் லிஸ்பனில் நடந்த இறுதியாட்டத்தில், 93 ஆவது நிமிடத்தில் மொட்ரிச் அடித்த மூலை உதையைத்தான் செர்ஜியோ ராமோஸ் தலையால் முட்டிக் கோலாக்கி ஆட்டத்தைச் சமப்படுத்தினார். மட்ரிட் 12 ஆண்டுகளாகக் காத்திருந்த கிண்ணம் மேலதிக நேரத்தில் கிடைத்தது.

2025 ஜூலையில், 39 வயதில், அவர் மறுபடியும் புதியவரானார். இம்முறை இத்தாலியின் ஏசி மிலான் கழகத்தில்.

போர் உருவாக்கிய வீரனா?

2018 இல் குரோஷியா உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனபோது, ஏறத்தாழ நாற்பது இலட்சம் மக்களைக் கொண்ட நாட்டின் தலைவர் ஒரு காலத்தில் அகதிச் சிறுவன் என்ற கதை எங்கும் பரவியது. போர் அவரைப் புடம்போட்டது, துன்பம் அவரை வீரனாக்கியது என்று எழுதினார்கள். நம்மவர்களும் அதைப் பகிர்ந்தார்கள். எனக்கு அந்த வசனம் உவக்கவில்லை.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியில் எங்களுக்குப் பின்னேரப் பள்ளிக்கூடம். காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், மதியத்துக்குப் பிறகு நாங்கள். என் வகுப்பில் ஒருவன் இருந்தான். பந்து அவனுடைய காலை விட்டுப் போகாது. பள்ளிக்கூட அணிக்கு ஆள் எடுத்தபோது, “வந்த பெடியள் இண்டைக்கோ நாளைக்கோ திரும்பிப் போயிடுவாங்கள், அவங்களை எடுத்து என்ன செய்யிறது?” என்று சொல்லி விட்டுவிட்டார்கள். சொன்னவரில் எனக்குக் கோபமில்லை. அந்தக் காலத்தில் எவருக்கும் அடுத்த மாதம் நிச்சயமில்லை. அவன் இரண்டொரு தடவை கேட்டுப்பார்த்தான், பிறகு கேட்பதை நிறுத்தினான். இப்போது மேசன் வேலை செய்கிறான். நல்ல மேசன். மகன் பந்து அடிப்பதை வேலிக்கு வெளியில் நின்று பார்ப்பான்.

அவன் பட்ட போர் மொட்ரிச் பட்டதைவிடக் குறைந்ததல்ல. துன்பம்தான் வீரனை உருவாக்கும் என்றால் எங்கள் வகுப்பிலிருந்தே ஓர் அணி போயிருக்கவேண்டும். மொட்ரிச்சுக்குத் திறமையும் பிடிவாதமும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றோடு ஒரு பாஷிச் இருந்தார். ஒரு பருவம் முழுவதும் ஆடவிட்ட மொஸ்டார் இருந்தது. இடத்தை மாற்றிப்பார்த்த ரெட்னப்பும் பக்கத்தில் இருந்து பேச ஒரு சோர்லுகாவும் இருந்தார்கள். மட்ரிட் அவரை நான்காம் மாதத்தில் விற்றுவிடவில்லை.

வாக்கெடுப்பில் பங்குபற்றியவர்கள் பொய் சொல்லவில்லை. அன்று கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். கேள்விதான் நேரத்தோடு கேட்கப்பட்டுவிட்டது. புதிதாக வந்தவனைப் பற்றி நான்காம் மாதத்தில் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பைக் கேட்டாலும், அது விளையாட்டு மைதானமானாலும் சரி, வேலைத்தலமானாலும் சரி, மீள்குடியேறிய கிராமத்துப் பள்ளிக்கூடமானாலும் சரி, எனக்கு அந்த 32 சதவீதம் நினைவுக்கு வரும். அவனை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள் என்று முதலில் கேட்கவேண்டும் போலிருக்கும்.